விளையாட்டும் வேண்டும், பாட்டும் வேண்டும்: வீட்டுக் கணனிக்கு எந்த இயங்குதளம்?



சென்ற இதழில் வீட்டுக்கு இணைய இணைப்பு எடுப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, மவுண்ட் றொஸ்கிலில் குடியேறி இன்னும் ஒரு வருடம் ஆகாத குடும்பம் ஒன்று எம்மை வீட்டுக்கு அழைத்தது. தேநீர் குடித்து முடிந்ததும் தகப்பனார் விடயத்துக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு கணனி வாங்கப் போகிறார்கள். ஒன்றுக்கு மேல் வாங்க இப்போது வசதியில்லை. பதின்மூன்று வயது மகனுக்குக் கணனி விளையாட்டு வேண்டும். வாய்ப்பாட்டுப் பயிலும் மகளுக்குத் தன் குரலைப் பதிவு செய்து கேட்க வேண்டும். தாயார் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் பதினொரு கசெற்றுகள். அவருடைய தகப்பனார் தேவாரம் பாடிப் பதிந்தவை சில. தமையனார் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை சில. பாடியவரும் இல்லை, பேசியவரும் இல்லை. எத்தனையோ இடம் மாறியும் இந்தப் பேணியை மட்டும் அவர் கைவிடவில்லை.

"இதையும் அதுக்குள்ளை போடலாமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

போடலாம். ஆனால் எதற்குள் போடுவது என்பதில்தான் வீட்டில் குழப்பம். பக்கத்து வீட்டுப் பெடியன் விண்டோஸ்தான் என்கிறான். பாட்டு வகுப்புத் தோழியின் தமையன் மக்தான் என்கிறான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகன், "மாமா, லினக்ஸ் இலவசம், ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?" என்கிறான். மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தேவையை வைத்துச் சொல்கிறார்கள்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? நமது விழாக்களில் மண்டபத்தைப் பொறுப்பெடுத்து நிற்பவரை நினைத்துப் பாருங்கள். யாருக்கு எப்போது மேடை, யாருக்கு எந்த மைக், விளக்கை எப்போது அணைப்பது என்று அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கணனிக்குள் அந்த வேலையைச் செய்யும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விளையாட்டும் பாட்டுப்பதிவும் தட்டச்சும் அதன் மேல்தான் ஓடுகின்றன. ஒரு தளத்துக்கென்று எழுதிய மென்பொருள் மற்றதில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் வேலை எது என்று தீர்மானியுங்கள். அந்த வேலைக்கு எந்த மென்பொருள் என்று பாருங்கள். அது எந்தத் தளத்தில் ஓடும் என்று கேளுங்கள். கடைசியாகத்தான் கடைக்குப் போங்கள். எம்மவரிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மலிவு விற்பனைத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டு, பிறகு பிள்ளையிடம் "இதில் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறோம்.

விளையாட்டு

விளையாட்டுக்கு மாத்திரம் என்றால் மறுபேச்சில்லை, விண்டோஸ்தான். பெரும்பாலான கணனி விளையாட்டுகள் முதலில் அதற்கென்றே எழுதப்படுகின்றன.

லினக்ஸ் முன்பிருந்த நிலையில் இல்லை. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடச் செய்யும் புறோட்டன் என்ற மென்பொருளை 2018இல் வெளியிட்டது. 2022 பெப்ரவரியில் அது விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி லினக்ஸிலேயே ஓடுகிறது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை இன்று அப்படி ஆடலாம். ஆனால் பிள்ளைகள் கூட்டாளிகளோடு இணையத்தில் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளில்தான் தடை இருக்கிறது. ஃபோர்ட்நைற், வலரன்ட் போன்றவற்றில் கள்ள ஆட்டத்தைப் பிடிக்கும் காவல் மென்பொருள் ஒன்று கூடவே ஓடும். அது லினக்ஸில் இந்த விளையாட்டுகளை அனுமதிப்பதில்லை. மைன்கிராப்ற்றின் ஜாவா பதிப்பு மூன்று தளங்களிலும் ஓடும். ஆகவே மகனிடம் "விளையாட்டு வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். எந்த விளையாட்டு என்று பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிதாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, வகுப்பில் மற்றவர்கள் ஆடும் அதே விளையாட்டைத் தானும் ஆடுவது சின்ன விடயமல்ல. அதில்தான் பல பிள்ளைகளுக்கு இங்கே முதற் சிநேகிதன் கிடைக்கிறான்.

மக் கணனியில் விளையாட்டுகள் உண்டு, ஆனால் குறைவு. 2019இல் வந்த கற்றலினா என்ற பதிப்போடு அப்பிள் நிறுவனம் பழைய 32 பிற் மென்பொருள்களை ஓடவிடாமல் நிறுத்தியது. அதனால் காசு கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டுகள் பல அந்தக் கணனிகளில் ஒரே நாளில் படுத்துவிட்டன. 2020 முதல் வரும், அப்பிளின் சொந்தச் சில்லுக் கொண்ட மக் கணனிகளில், முன்பு இன்ரெல் மக் கணனிகளிற் செய்ததுபோல விண்டோஸைப் பக்கத்தில் ஏற்றி வைக்கவும் வழியில்லை.

பள்ளிக்கூடங்கள் கேட்கும் குரோம்புக் பற்றியும் ஒரு சொல். பாடங்களுக்கு அது நல்ல, மலிவான கருவி. 2021 முதல் வந்த வகைகளுக்குப் பத்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருவதாகக் கூகிள் சொல்லியிருக்கிறது. ஆனால் பெரிய விளையாட்டுகளையும் ஒலிப்பதிவையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய குரோம்புக்கே வீட்டுக்கும் போதும் என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு.

ஒலிப்பதிவு

இங்கே கதை வேறு. மகள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்கில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் குரல் கணனிக்குள் போய்த் திரும்பி அவள் காதுக்கு வரச் சிறிது நேரம் எடுக்கும். இதுதான் தாமதம். கணனி ஒலியைச் சின்னச் சின்ன மாதிரிகளாக, ஒரு செக்கனுக்கு 48,000 என்ற கணக்கில் எடுத்து, மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டைக்கு 1,024 மாதிரி என்றால் அது நிறையவே சுமார் 21 மில்லிசெக்கன் ஆகும். 256 என்றால் ஐந்து மில்லிசெக்கன்தான். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும் என்பதால், 21 மில்லிசெக்கன் என்பது ஏழு மீற்றருக்கு அப்பால் இருக்கும் மிருதங்கத்தோடு பாடுவது போல. ஐந்து மில்லிசெக்கன் என்றால் மிருதங்கம் இரண்டு மீற்றருக்குள், பக்கத்திலேயே இருக்கிறது. போகவும் வரவும் கணக்கிட்டால் இது இரட்டிப்பாகும். தாளம் பிசகுவது பிள்ளையின் பிழையல்ல, மூட்டையின் பிழை என்பதைப் பாட்டு ரீச்சரும் அறிந்திருப்பது நல்லது.

மக் கணனியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாடு தளத்தின் உள்ளேயே இருக்கிறது. கரேஜ்பாண்ட் என்ற பதிவு மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. இசையே தொழில் என்று போகிறவர்கள் பலர் மக் வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸில் சாதாரண வழியால் போனால் தாமதம் கூடும். ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ என்ற குறுக்குவழி அதற்கு மருந்து. நல்ல யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கினால் அதற்கான ஆசியோ மென்பொருளும் கூடவே கிடைக்கும். அதை ஏற்றிவிட்டால் வீட்டு வேலைக்கு மக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

லினக்ஸிலும் ஆர்டோர் போன்ற தரமான பதிவு மென்பொருள்கள் உண்டு. ஒலிவேலைக்கென்றே அடுக்கிய உபுந்து ஸ்ரூடியோ என்ற தொகுப்பு 2007 முதல் கிடைக்கிறது. முன்பு தலையிடி தந்த ஒலி ஏற்பாடுகள், பைப்வயர் என்ற புதிய ஏற்பாடு வந்தபின் இலகுவாகிவிட்டன. ஆனால் நீங்கள் வாங்கும் ஒலிப்பெட்டி லினக்ஸில் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பிழைத்தால் திருத்த வீட்டில் ஒருவருக்கு ஆர்வமும் பொறுமையும் வேண்டும்.

இனிக் கசெற்றுகள். இதற்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. எந்தத் தளமும் போதும். ஓடசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000 முதல் இருக்கிறது. மூன்று தளங்களிலும் ஓடுகிறது. இன்னும் விரிவாகச் செய்ய விரும்புவோருக்கு றீப்பர் உண்டு. அதுவும் மூன்றிலும் ஓடும். வீட்டுப் பாவனைக்கு உரிமம் 60 அமெரிக்க டொலர். கசெற் பிளேயரின் வெளியீட்டிலிருந்து ஒரு வயரை ஒலிப்பெட்டிக்குக் கொடுத்தால் போதும். மடிக்கணனிகள் பலவற்றில் இப்போது ஒலி உள்ளே போக முறையான துவாரம் இல்லை. ஆகவே ஒலிப்பெட்டி இங்கேயும் வேண்டும். ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கக் கூடாது.

தளம் மாறும்

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். எந்தத் தளமும் நிரந்தரமல்ல. லொஜிக் என்ற புகழ்பெற்ற இசை மென்பொருளை ஜேர்மனியின் ஈமாஜிக் நிறுவனம் செய்துவந்தது. 2002 யூலையில் அப்பிள் அந்த நிறுவனத்தையே வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. விண்டோஸில் லொஜிக்கை வைத்து இசை செய்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணனிகளுக்கு மேலும் ஒரு வருடம், அதாவது 2026 ஒக்டோபர் வரைதான் பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவித்தது. அப்பிளும் 2025 செப்ரெம்பரில் வெளியிட்ட ராஹோ என்ற பதிப்பே இன்ரெல் சில்லுக் கணனிகளுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது.

இந்தப் பாடம் எமக்குப் புதிதல்ல. 1990களில் எம்மவரின் சஞ்சிகைகளும் மலர்களும் பாமினி எழுத்துருவில் அச்சுக் கோக்கப்பட்டன. அந்தக் கோப்புகளைப் பாமினி இல்லாத கணனியில் இன்று திறந்தால் தமிழ் வராது; ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போட்டது தமிழ்ச் சட்டை. எந்தக் கணனியிலும் தமிழ் தமிழாகவே இருக்க யூனிகோட் என்ற பொது முறை தேவைப்பட்டது. 1991இல் அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தும், எமது பக்கங்கள் அதற்கு மாறப் பல ஆண்டுகள் எடுத்தன. இடையில் மாற்றாமல் விட்டவை எத்தனை!

ஒலிக்கும் இதே கதைதான். ஒரு மென்பொருளின் சொந்தக் கோப்பாக மட்டும் குரலைச் சேமித்தால், அந்த மென்பொருளோடு குரலும் போய்விடும். எந்தத் தளத்திலும் திறக்கக்கூடிய வேவ் அல்லது ஃபிளாக் என்ற பொது வடிவில் மூலப்பிரதியை வையுங்கள். வேவ் வடிவில், சீ.டி.யின் தரத்தில், ஒரு மணிநேரக் கசெற் ஏறக்குறைய 635 மெகாபைற் எடுக்கும். பதினொரு கசெற்றும் சேர்ந்து ஏழு கிகாபைற்தான். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்றே நூறு கிகாபைற்றைத் தாண்டுகிறது. உறவினருக்கு அனுப்ப எம்.பி.3 பிரதி போதும்; ஆனால் மூலத்தை அழித்துவிடாதீர்கள். பிரதி ஒன்று கணனியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்து இழந்த அனுபவம் எம்மைவிட யாருக்கு உண்டு?

வாங்கும்போது

காசு மட்டு என்றால், நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்த கணனிகளைத் துப்புரவாக்கி விற்கும் கடைகள் ஒக்லண்டில் உண்டு. அவற்றில் வாங்கும்போது "விண்டோஸ் 11 முறையாக ஏறுமா?" என்று கேளுங்கள். இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். மைக்ரோசொப்ட் 4 கிகாபைற் நினைவகம் போதும் என்று சொன்னாலும், பதிவு வேலைக்கு 16 இருந்தால் நிம்மதி. மேசைக் கணனியில் பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்தால், விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டையைப் பிறகு காசு சேர்த்துப் போடலாம். மிகச் சிறிய பெட்டிகளில் அதற்கு இடமிராது. மலிவாகக் கிடைக்கும் இன்ரெல் மக் கணனிகளை மேலே சொன்ன காரணத்தால் யோசித்து வாங்குங்கள். கையில் ஏற்கெனவே பழைய கணனி இருந்து, விண்டோஸ் 11 ஏறாவிட்டால் எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றை ஏற்றினால் கசெற் வேலைக்கும் படிப்புக்கும் இன்னும் சில வருடம் உழைக்கும். மூன்று தளங்களிலும் தமிழ் எழுதும் வசதி உள்ளேயே உண்டு. அதற்கெனக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வியாபாரியிடம் வீட்டுப் பாவனைக்கு வாங்கிய பொருள், பழையதாயினும், அதன் வயதுக்கும் விலைக்கும் தக்கபடி உழைக்க வேண்டும். பிழையென்றால் திருத்தித் தரவோ, மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ வேண்டிய பொறுப்பு வியாபாரிக்கு உண்டு. "உத்தரவாதம் முடிந்துவிட்டது" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிவதில்லை. 2014 யூன் முதல், வியாபாரி இணைய ஏலத்தில் விற்றாலும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் தனியார் ஒருவரிடம் வாங்கினால் பொருந்தாது. எனவே பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிழமைக் கட்டணத்துக்குத் தருகிறோம் என்போரிடம் கையெழுத்திட முன், மொத்தம் எவ்வளவு கட்டி முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். நாமே வந்த புதிதில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திட்டு, பழுதாகிப்போன ஒரு கணனிக்கு மாதக் கணக்கில் காசு கட்டியவர்கள்தான். சந்தேகம் என்றால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் பீரோவுக்குப் போங்கள்; ஆலோசனை இலவசம்.

வாங்க முன் பழகிப் பார்க்க விரும்பினால் ஒக்லண்ட் நூலகங்களில் கணனியும் இணையமும் இலவசம். மகள் நன்றாகப் பாடிப் பதிந்த பின், 104.6 எப்.எம்.இல் பல மொழிகளில் ஒலிபரப்பாகும் பிளனெற் எப்.எம். போன்ற சமூக வானொலி இந்த நகரில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த வீட்டில்

கடைசியில் அந்தக் குடும்பம் என்ன செய்தது? ஒரே கணனியில் இரண்டு வேலையும் வேண்டும், மகனின் தாளில் கூட்டாளிகளோடு ஆடும் விளையாட்டு ஒன்று இருந்தது, காசும் மட்டு. ஆகவே விண்டோஸ் 11 ஏற்றிய, குத்தகை கழிந்த மேசைக் கணனி ஒன்றை வாங்கினார்கள். மிச்சம் பிடித்த காசில் சிறிய ஒலிப்பெட்டியும் வெளி வன்தட்டும். கிராபிக்ஸ் அட்டை அடுத்த வருடம் என்று மகனோடு உடன்பாடு. பாட்டு மட்டுமே தேவையான வீடு என்றால், பழைய அப்பிள் சில்லு மக் ஒன்றைத் தேடச் சொல்லியிருப்போம். விளையாட்டே வேண்டாம் என்றால் லினக்ஸைச் சொல்லியிருப்போம். வீட்டுக்கு வீடு விடை வேறு.

முதற் சனிக்கிழமை ஒரு கசெற்றைப் போட்டோம். ஒலி மங்கலாக வந்தது. திறந்து பார்த்தால், நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. திருகாணி பூட்டிய வேறொரு வெற்றுக் கசெற் கூட்டுக்குள் நாடாவை மெல்ல மாற்றினோம். மகன்தான் திருகாணி கழற்றினான். எம் கைகளைவிட அவன் கை நடுங்காது. மீண்டும் போட்டதும் முதலில் ஒரு இருமல், பிறகு சுருதி, பிறகு முதியவர் பாடத் தொடங்கினார். பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது.

தாயார் குசினி வாசலிலேயே நின்றார். மகள் திரையில் ஓடிய அலைக்கோட்டைப் பார்த்தபடி, "அம்மா, தாத்தா ஒரு இடத்திலும் சுருதி விலகேல்லை" என்றாள். அவள் அவரைக் கண்டதில்லை. மகன் அன்று பின்னேரம் விளையாட வேண்டும் என்று கேட்கவில்லை. "மற்றப் பத்தையும் எப்ப செய்யிறது?" என்றுதான் கேட்டான்.

வாசகர்களே, தளங்கள் வரும், போகும். கணனியை இன்னும் ஐந்தாறு வருடத்தில் மாற்றத்தான் போகிறீர்கள். கசெற் நாடாவோ ஒவ்வொரு வருடமும் பழுதாகிக்கொண்டு போகிறது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பேணி இருந்தால், எந்தக் கணனி சிறந்தது என்று இன்னொரு வருடம் ஆராய்ந்து கொண்டிருக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து இந்த மாதமே தொடங்குங்கள்.

அடுத்த இதழில், பிள்ளைகளின் கணனி நேரத்துக்கு வீட்டில் ஒழுங்கு வைப்பது பற்றிப் பேசுவோம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.